மழைக் கடலில் ஒரு நீலத் திட்டு

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. வீட்டில் அவள் பெயர் மின்னல். சின்ன வயதில், ஒரு வேலையைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அதை அரைகுறையாக முடித்துவிட்டு வந்து நிற்பாளாம். அண்ணன் கேலிக்கு வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகும் பெயரும் போகவில்லை, அவசரமும் போகவில்லை.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அண்ணி ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்பவள். மண்டப விளக்கில் மஞ்சளடித்துப் போன முகங்களை மனித நிறத்துக்குக் கொண்டுவருவது, குரூப் போட்டோவில் கண்ணை மூடிக்கொண்ட மாமாவுக்கு வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைப்பது, இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அண்ணனும் அண்ணியும் இருந்தது இரண்டாவது மாடியில். கீழே ஒற்றை அறையில் மின்னல். தூங்க மட்டும் அந்த அறை. சாப்பாடு, சண்டை, டிவி எல்லாம் மேலே.

மொட்டைமாடியில் தொலைநோக்கியைக் கொண்டுபோய் வைத்தது மின்னல்தான். அண்ணி அதில் எப்படி வந்து சேர்ந்தாள் என்பதை மட்டும் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். துணி எடுக்க வந்தவளை நான்தான் கூப்பிட்டுக் காட்டினேன் என்பாள் மின்னல். நீ எடுத்த படத்தைப் பார்க்கச் சகிக்காமல் நானாகத்தான் வந்தேன் என்பாள் அண்ணி. எப்படியோ, வேலை தானாகப் பிரிந்துகொண்டது. மாடியில் தொலைநோக்கியும் கேமராவும் மின்னலுடையவை. வீட்டுக்குள் கம்ப்யூட்டர் அண்ணியுடையது. அண்ணி கேமராவைத் தொடமாட்டாள். மின்னல் நிறங்களைத் தொடமாட்டாள்.

அவர்கள் எடுத்தது சாதாரண நிலாப் படம் அல்ல. ஒரே ஒரு நிறத்தின் மெல்லிய கீற்றை மட்டும் உள்ளே விட்டு, மற்ற வெளிச்சத்தையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிடும் ஃபில்டர்கள் உண்டு. ஹைட்ரஜன், கந்தகம், ஆக்சிஜன் என்று, அந்தந்த வாயு ஒளிரும் நிறத்தை வைத்து அவற்றுக்குப் பெயர். வெகு தூரத்தில் மங்கலாக மினுங்கும் வாயு மேகங்களைப் படமெடுப்பதற்காகச் செய்தவை. கண் கூசும் நிலாவுக்கு அவற்றை மாட்டுவது, தெருவிளக்கைப் பார்க்க பூதக்கண்ணாடி எடுத்துப் போவது போலத்தான். ஆனால் மின்னலுக்கு ராத்திரி ஷிஃப்ட் அதிகம். கிடைப்பது சாயங்காலம் மட்டுமே. ஹைட்ரஜன் ஃபில்டரின் சிவப்பில் பார்த்தால் வானத்தின் நீலம் கறுத்துப் போய்விடும். வெயில் இருக்கும்போதே நிலா பளிச்சென்று எழுந்து நிற்கும். காற்றின் நடுக்கமும் சிவப்பில் குறைவு. அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு மற்ற இரண்டு ஃபில்டர்களும் வந்தன.

மூன்று ஃபில்டரில் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள். அண்ணி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவாள். கண்ணுக்கு வெறும் சாம்பலாகத் தெரியும் நிலாவில் மெல்ல மெல்ல நிறம் ஊறும். பாறைக்குப் பாறை வேறு. ஓரிடம் துருப்பிடித்த பழுப்பு, ஓரிடம் நீலம் கலந்த சாம்பல். முதல் படத்தைப் பார்த்துவிட்டு அண்ணன், "என்ன இது, நிலா எங்கயோ விழுந்து அடிபட்டு வீங்கின மாதிரி இருக்கு?" என்றான். அண்ணி ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

அந்த நீலத் திட்டு தெரிந்தது ஒரு விடுமுறை நாளில். நிலாவின் மழைக் கடல் என்று சொல்லப்படும் பெரிய சமவெளியின் நடுவில், நகக்கண் அளவுக்கு, விளிம்பு கரைந்த ஒரு நீலம். அண்ணிதான் முதலில் பார்த்தாள்.

"இது என்ன மின்னல்? போன தடவை இல்லையே."

மின்னல் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள். அண்ணி சரிசெய்து அடுக்கியிருந்த மூன்று படங்களையும் தனித்தனியே திறந்து பார்த்தாள். ஹைட்ரஜன் படத்தில் மட்டும் அந்த இடம் லேசாகக் கறுத்திருந்தது. சிவப்பு குறைந்ததால் அங்கே நீலம் எழும்பியிருந்தது. நிலாவில் நீலம் என்றால் டைட்டானியம் கலந்த பழைய எரிமலைக் குழம்பு என்று படித்திருந்தாள். இதுவரை எந்தப் படத்திலும் இல்லாத இடத்தில்!

"கண்ணாடியைத் தொடச்சியா?" என்று அண்ணி கேட்டாள்.

"அண்ணி, நான் தினமும் பண்ற வேலை இது. படத்துல எது உடம்பு, எது அழுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அண்ணி அதோடு விட்டுவிட்டாள். அடுத்த சாயங்காலமும் எடுத்தார்கள். திட்டு அதே இடத்தில் இருந்தது. எப்போதும் ஒரே பள்ளத்தைத்தான் படத்தின் நடுவில் கொண்டுவந்து வைப்பது மின்னலின் பழக்கம். கேமராவையும் அவள் கழற்றுவதே இல்லை. அப்படியிருக்க, நிலாவில் இருப்பதும் அதே இடத்தில்தான் வரும், கேமராவில் இருப்பதும் அதே இடத்தில்தான் வரும். அது அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றுவதற்கு அவள் நேரமும் கொடுக்கவில்லை. அன்றைக்கே படத்தை வான்பட ஆர்வலர் சங்கத்தின் செயலாளருக்கு அனுப்பிவிட்டாள்.

செயலாளர் உற்சாகமான மனிதர். போனில் மூச்சு வாங்கப் பேசினார். ஆண்டுக் கூட்டத்தில் அவளுக்கென்று தனி நேரம் ஒதுக்கினார்.

கூட்டம் பக்கத்து நகரத்தில், ஒரு கல்லூரியின் கருத்தரங்க அறையில். நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்துதான் பஸ்ஸில் போனார்கள். விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் கைப்பையை அண்ணி எடுத்திருந்தாள். வழியெல்லாம் மின்னலின் பேச்சை ஒத்திகை பார்க்க வைத்து, "மெதுவா, மெதுவா, உன்னை யாரும் துரத்தல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அறையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

செயலாளர் மேடையில் அறிமுகம் செய்தார். "மருத்துவமனை வேலையையும் பார்த்துக்கொண்டு, தன்னந்தனியாக, ஒரு மொட்டைமாடியிலிருந்து..." என்று அடுக்கிக்கொண்டே போனார். தன்னந்தனியாக என்ற சொல் காதில் விழுந்தபோது மின்னல் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி சிரித்துக்கொண்டு கை தட்டத் தயாராக இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தனியாக இல்லை சார், நாங்கள் இரண்டு பேர். அவ்வளவுதான். ஆனால் மைக் கைக்கு வந்துவிட்டது, எல்லோரும் பார்த்தார்கள், பேச்சு "நான்" என்று ஆரம்பித்துவிட்டது. ஒருமுறை நான் என்று வந்த பிறகு நாங்கள் என்று திரும்பிப் போக வழி தெரியவில்லை. நான் எடுத்தேன், நான் அடுக்கினேன், நான் பார்த்தேன். திரையில் நீலத் திட்டு வந்ததும் அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்தார். கால்நடை மருத்துவர்; சங்கத்தில் பழைய ஆள். குரலில் குத்தல் எதுவும் இல்லை.

"ஒரு சின்ன சந்தேகம்மா. ஹைட்ரஜன் சிவப்பும் கந்தகச் சிவப்பும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. பாறையோட நிறம் அவ்வளவு சட்டுன்னு மாறாதே. ஒண்ணுல இருட்டா இருக்கிற இடம், அடுத்ததுல எப்படிக் காணாமப் போகும்?"

மின்னலுக்கு இந்தக் கேள்வியைத் தானே கேட்டிருக்க வேண்டும் என்பது அந்தக் கணமே உறைத்தது. நூறு பேர் முகமும் ஒரே முகமாக அவளைப் பார்த்தது.

"அது... படம் எடுத்தது மட்டும்தான் சார் நான்," என்றாள். தன் வாயிலிருந்து வருவது அவளுக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது. "நிறமெல்லாம் போட்டது எங்க அண்ணி. அவங்க கல்யாண ஆல்பம் பண்றவங்க. அந்தப் பழக்கத்துல எங்கயாவது மெருகு ஏத்திட்டாங்களோ என்னவோ."

அறை சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. கல்யாண ஆல்பம் என்ற சொல்லுக்கு வந்த சிரிப்பு. கால்நடை மருத்துவரும் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார். "நிலாவுக்கும் பவுடர் போட்டாச்சு போல" என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். மின்னலுக்கு முதலில் தோன்றியது நிம்மதிதான். அப்பாடா, தப்பித்தோம் என்று. பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவளைக் கூசவைத்தது சொன்ன வார்த்தையைவிட அந்த நிம்மதி.

அண்ணி எழுந்து போகவில்லை. கைப்பையை மடியில் வைத்து, அதன் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் யாருக்கு என்று எப்போதும் ஒரு சண்டை நடக்கும். அன்றைக்கு அண்ணி எதுவும் சொல்லாமல் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டாள். பாதி வழியில் அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று.

"நான் எந்த இடத்துல தப்பு பண்ணியிருப்பேன்னு உனக்கு ஏதாவது தோணுதா?"

"தெரியல அண்ணி."

"சரி, பாக்கறேன்."

வீட்டுக் கதவைத் திறந்ததும் அண்ணன், "என்ன, நிலாவுக்குப் பட்டா வாங்கியாச்சா?" என்றான்.

"நல்லா பேசினா. எல்லாரும் கை தட்டினாங்க," என்று சொல்லிவிட்டு அண்ணி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மின்னல் செருப்பைக் கழற்றாமல் அப்படியே கீழே இறங்கித் தன் அறைக்குப் போனாள். சாப்பிட வா என்று அண்ணன் இரண்டு தடவை படிக்கட்டில் நின்று கத்தினான். தலைவலி என்றாள்.

அதன்பின் வந்த நாட்களில் அண்ணி எதையும் மாற்றவில்லை. தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், ராத்திரி ஷிஃப்டுக்குப் போகும்போது குடை இருக்கிறதா என்று கேட்டாள். ஸ்டுடியோவிலிருந்து வர மட்டும் தாமதமானது. கல்யாண சீசன் என்று மின்னல் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது. தவறு அண்ணியுடையதாகவே இருந்துவிட்டால் தான் சொன்னது பொய்யாகாது என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அப்படி ஆசைப்படும் தன்னை அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் ஆசைப்பட்டாள்.

அந்த ஆசையோடுதான் ஒரு மதியம், அண்ணி இல்லாத நேரத்தில், கேமராவிலிருந்து நேராக வந்த படங்களைத் திறந்தாள். அண்ணியின் கை படுவதற்கு முந்திய படங்கள். ஹைட்ரஜன் படத்தில் திட்டு இருந்தது. மங்கலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

சரி, அப்படியென்றால் நிலாவில்தான் இருக்கிறது என்று மனம் உடனே அடுத்த கிளைக்குத் தாவியது. அன்று நிலா சாயங்காலத்துக்கு முன்பே கிழக்கே ஏறியிருந்தது. மாடிக்குப் போய்த் தொலைநோக்கியைத் திருப்பினாள். ஹைட்ரஜன் ஃபில்டரைப் போட்டு ஒரு படம். பிறகு, இத்தனை நாளும் செய்யாத ஒன்றைச் செய்தாள். கேமராவின் திருகைத் தளர்த்தி, கேமராவையே கால் சுற்று திருப்பி, இறுக்கி, இன்னொரு படம். திட்டு நிலாவில் இருந்தால் கேமராவை எப்படித் திருப்பினாலும் அது மழைக் கடலிலேயே இருக்க வேண்டும்.

இல்லை. மழைக் கடல் சுத்தமாக இருந்தது. திட்டு அங்கிருந்து நகர்ந்து, பள்ளங்கள் நிறைந்த மேட்டு நிலத்தின்மேல் போய் உட்கார்ந்திருந்தது. கேமரா போன இடத்துக்கெல்லாம் கூடவே போகும் திட்டு.

ஃபில்டர் ஒரு சின்னத் தட்டில் பொருத்தி, கேமராவோடு சேர்ந்த முகப்பில் இழுப்பறை போல உள்ளே தள்ளுவது. அதை இழுத்து வெயிலில் சாய்த்துப் பிடித்தாள். கண்ணாடியின் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, எண்ணெய்ப் பசையாக ஒரு கட்டைவிரல் பதிவு. ரேகைகூடத் தெரிந்தது. மருத்துவமனையில் கை கழுவிக் கழுவித் தோல் வறண்டு போகாமல் இருக்க அவள் பூசும் க்ரீமின் பிசுபிசுப்பு. இந்த வீட்டில் அந்த க்ரீம் பூசுகிறவள் அவள் ஒருத்திதான். ஃபில்டரைத் தொடுகிறவளும் அவள் ஒருத்திதான்.

தினமும் எத்தனை பேரிடம் சொல்கிறாள். சங்கிலியைக் கழட்டுங்க, சட்டைப் பையில சில்லறை இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா டாக்டர் அதை வியாதின்னு நினைச்சிடுவாரு. அந்த வாயால்தான், கண்ணாடியைத் துடைத்தாயா என்ற அண்ணியின் கேள்விக்கு அப்படிப் பதில் சொல்லியிருந்தாள்.

கை தானாக மென்துணியைத் தேடியது. யோசிக்கும் முன்பே துடைத்துவிட்டாள். இரண்டு இழுப்பு, கண்ணாடி பளிங்காகிவிட்டது. துடைத்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று புரிந்தது. இனி இப்படி ஒன்று இருந்ததென்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கேமராவைத் திருப்புவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அந்த இரண்டு படங்களையும் அழித்துவிட்டால் போதும். சங்கத்துக்காரர்கள் கல்யாண ஆல்பக்காரி என்று சொல்லிவிட்டு மறந்துபோவார்கள். அண்ணியும் கொஞ்ச நாளில் மறந்துவிடுவாள்.

படங்களை அவள் அழிக்கவில்லை. ஆனால் யாரிடமும் சொல்லவும் இல்லை. சாப்பாட்டு மேசையில் அண்ணியின் எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்கார ஆரம்பித்தாள். எதிரே என்றால் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. "என்னடி, இடம் மாத்தி உக்கார்ற, டிவி தெரியலையா?" என்றான் அண்ணன். ஆமாம் என்றாள்.

உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது. அண்ணிதான் ஆரம்பித்தாள், சிரித்துக்கொண்டே.

"எங்க முதலாளி என்ன கேட்டார் தெரியுமா? 'ஏம்மா, நீங்க நிலாவையே கெடுத்துட்டீங்களாமே'ன்னு. யாரோ கஸ்டமர் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தாராம். இப்ப ஸ்டுடியோவுல எனக்குப் பேரே நிலா மேக்கப்தான்."

அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "நல்ல பேருதான்! போர்டு மாட்டிடலாம்."

அண்ணியும் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் குரல் இறங்கியது. "ஆனா ஒண்ணு. இத்தனை நாளா வேலை முடிஞ்சதும் அங்கயே உக்காந்து, அந்தப் படத்தை ஒவ்வொரு அடுக்கா பிரிச்சுப் பாத்துட்டேன். முதல்ல இருந்து திரும்பப் போட்டும் பாத்துட்டேன். எங்க சொதப்பினேன்னு பிடிபடவே இல்ல. இத்தனை வருஷம் இந்த வேலை பண்ணி, எங்க தப்பு பண்ணேன்னுகூடத் தெரியலன்னா, எனக்கே என் கண்ணு மேல சந்தேகமா இருக்கு. நேத்து ஒரு கல்யாணப் பொண்ணு முகத்தை நாலு தடவ மாத்தினேன். கையே ஓடல."

ஸ்டுடியோவிலிருந்து வரத் தாமதமானது எதனால் என்று மின்னலுக்கு அப்போதுதான் புரிந்தது.

"நீங்க ஒண்ணும் பண்ணல அண்ணி."

"என்ன?"

"நான்தான். என் விரல். ஃபில்டர் மேல என் கட்டைவிரல் பட்டிருந்தது. கேமராவைத் திருப்பி எடுத்துப் பாத்தேன், திட்டும் கூடவே திரும்புச்சு. உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே படத்துல அது இருந்தது."

அண்ணன் சிரித்த வாயை மூடவில்லை; சிரிப்பு மட்டும் போயிருந்தது.

"எப்ப பாத்த?" என்றாள் அண்ணி.

இதை அவள் கேட்கக்கூடாது என்றுதான் மின்னல் வேண்டிக்கொண்டிருந்தாள். "போன வாரம்."

"போன வாரம்," என்று அண்ணி திருப்பிச் சொன்னாள். "போன வாரம் பூரா நான் அங்க உக்காந்து என்னை நானே திட்டிக்கிட்டிருந்தேன். நீ இங்க என் கையால வாங்கிச் சாப்பிட்டுட்டு இருந்த."

"அண்ணி..."

"மேடையில பயந்துபோய் உளறிட்ட. சரி, அது எனக்குப் புரியுது. நீ எப்பவும் அவசரக் குடுக்கை. ஆனா இது அவசரம் இல்லையேடி. ஒரு வாரம் நிதானமா இருந்திருக்க."

அவள் சத்தம் போடவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, தன் தட்டை மட்டும் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள். அண்ணன் மின்னலைப் பார்த்தான். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவனிடம் அன்றைக்கு ஒன்றுமில்லை. "போய்ப் படு" என்றான்.

அடுத்த நாள் அவள் சங்கச் செயலாளருக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் அதே உற்சாகத்தோடு, "அட விடுங்கம்மா! இதெல்லாம் எல்லாருக்கும் நடக்கிறதுதான். இப்ப யாருக்கு அது ஞாபகம் இருக்கு?" என்றார்.

"ஆல்பக் கடை முதலாளிக்கு ஞாபகம் இருக்கு சார். மாசக் கூட்டத்துல அஞ்சு நிமிஷம் கொடுங்க."

மாதக் கூட்டம் சிறியது, அதே கல்லூரியில் ஒரு வகுப்பறையில். தனியாகவே போனாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் காலியாக இருந்தும் உட்காரப் பிடிக்கவில்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்று, கேமராவைத் திருப்புவதற்கு முன் எடுத்ததையும் பின் எடுத்ததையும் காட்டினாள். இந்தமுறை ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை.

"இது பாறை இல்ல. என் கை அழுக்கு. போன கூட்டத்துல இது எங்க அண்ணியோட தப்புன்னு சொன்னேன். அது பொய். இன்னொண்ணு, நான் தனியா எந்தப் படமும் எடுத்ததில்ல. நீங்க பாராட்டின எல்லா நிறமும் அவங்க போட்டது. அதை அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல."

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் தொண்டையைக் கனைத்து, "இதிலிருந்து நமக்கெல்லாம் ஒரு பாடம்..." என்று ஆரம்பித்தார். அவள் நின்ற இடத்திலேயே கூனிக் குறுகிப்போனாள். சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. இதுவரை தனக்கு மட்டும் தெரிந்திருந்தது. இனி ஒரு அறை முழுக்கத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாசலில் கால்நடை மருத்துவர் அவளை நிறுத்தினார். வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அன்னிக்கே எனக்கு ஃபில்டர் மேலதாம்மா சந்தேகம். அதைச் சொல்லணும்னுதான் எழுந்தேன். எல்லாரும் சிரிச்சதும் நானும் சிரிச்சிட்டு உக்காந்துட்டேன். உங்க அண்ணி மூணாவது வரிசைல இருந்தாங்க இல்ல? வெளிய போறப்ப எனக்குக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அவங்கதான்னு அப்புறம் தெரிஞ்சுது. நான் வருத்தப்பட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அண்ணியிடம் அவள் அதைச் சொன்னாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன சொன்ன?"

மின்னல் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"யாராவது சிரிச்சாங்களா?"

"ரெண்டு பேர்."

"எனக்கு அறையே சிரிச்சுது," என்றாள் அண்ணி. மடித்த துணிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நிலா தேய்ந்தது. புதிய நிலா வளர ஆரம்பித்தும் மாடிக்கு யாரும் போகவில்லை. தொலைநோக்கி உறை போட்டபடி நின்றது. சாப்பாடு வழக்கம்போல நடந்தது. அண்ணி குடையைப் பற்றிக் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஒரு நாள் மின்னல் நனைந்து வந்தாள். அண்ணன்தான் துண்டை எடுத்துக் கொடுத்தான்.

ஒரு சாயங்காலம், வெயில் இன்னும் சுவரில் இருக்கும்போது, மேலே தொலைநோக்கியின் காலை இழுக்கும் சத்தம் கேட்டது. மின்னல் படியேறிப் போய்க் கதவருகில் நின்றாள். அண்ணி உறையைக் கழற்றி மடித்து வைத்திருந்தாள். கேமராவைக் கையில் ஏந்தி, எது மேல் எது கீழ் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"இனிமே உன் படத்துக்கு நான் நிறம் போடமாட்டேன். அதை முதல்லயே சொல்லிடறேன்."

"சரி அண்ணி."

"நான் எடுக்கப் போறேன். முதல்ல இருந்து கடைசி வரைக்கும் நானே. எப்படின்னு சொல்லிக்கொடு. வாயால சொல்லு, கையைக் கொண்டுவராதே."

மின்னல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். அண்ணிக்குத் திருகைக் கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆனது. நிலா படத்துக்குள் வந்தது, ஓடியது, மறுபடி வந்தது. மின்னல் செய்திருந்தால் அதற்குள் மூன்று ஃபில்டரும் முடிந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் விரல்கள் துடித்தன. ஒவ்வொரு தடவையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அண்ணி மட்டும் அவசரப்படவே இல்லை. கண்ணாடியை ஓரத்தில் மட்டும் பிடித்தாள், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், பிறகுதான் உள்ளே தள்ளினாள். முதல் படம் கலங்கலாக வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் பள்ளங்களின் விளிம்பு கூர்மையாக எழுந்தபோது, அவளையறியாமல் "அடேயப்பா" என்றாள்.

பிறகு, கேமராத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "இது நல்லா வந்தா சங்கத்துக்கு அனுப்பலாம்னு இருக்கேன். பேரு எப்படிப் போடணும்?"

"உங்க பேரு மட்டும் போடுங்க அண்ணி. என் பேரு வேண்டாம்."

"நீ வேண்டாம்னா ஆச்சா? சொல்லிக்கொடுத்தது நீதானே. சொல்லிக்கொடுத்தவ பேரு இல்லாம நான் அனுப்பமாட்டேன்." அவள் குரலில் இன்னும் கனிவு வந்திருக்கவில்லை. கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். "ரெண்டு பேரு போடறேன். கீழ சின்னதா உன் பேரு வரும்."

மின்னலின் முகம் காது வரைக்கும் சுட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தலையாட்டினாள், அண்ணி பார்க்கவில்லை என்று தெரிந்ததும் "சரி" என்று வாய் திறந்து சொன்னாள்.

"அடுத்தது கந்தகம்தானே?" என்று அண்ணி கை நீட்டினாள்.

மின்னல் பெட்டியைத் திறந்து, தட்டை ஓரத்தில் பிடித்து எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்தாள்.